மடித்த தாமரை

கஜலட்சுமிக்கு மூன்று பெயர். கிராம சேவகர் கந்தோரில் கஜலட்சுமி, சபையில் கிருபா, புருஷன் வீரய்யாவுக்கு வெறும் கஜா. மூன்று பேருக்கும் இடுப்பு வலி மட்டும் ஒன்றுதான்.

கிருபா என்ற பெயர் பழைய பாஸ்டர் வைத்தது. கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி, ஞானஸ்நானத்துக்கு முக்கி எடுத்து, மூக்குக்குள் ஏறிய தண்ணீரை அவள் சிந்தி முடிப்பதற்குள் வைத்துவிட்டார். அடையாள அட்டையில் மாற்றவில்லை. இரண்டு பக்கமும் யானைகள் நின்று தண்ணீர் ஊற்றுகிற அம்மனின் பெயர் அதில் அப்படியே கிடந்தது.

மஹய்யாவ மேட்டில் சபைக் கட்டடத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இரண்டு அறைகள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி புரண்டு வீரய்யாவின் இடது கால் கோணிப்போன பிறகு, பழைய பாஸ்டர்தான் அவர்களைக் கூட்டிவந்து அங்கே குடிவைத்தார். கேட் திறப்பது, கதிரை அடுக்குவது, மைக் செட்டுக்கு வயர் இழுப்பது வீரய்யாவின் வேலை. கூட்டித் துடைப்பது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவுவது, மேசைக்குப் பூ வைப்பது அவளுடைய வேலை. பதினோரு வருடம் ஓடிவிட்டது. மழைக்குத் தகரத்தின் எந்த மூலை முதலில் ஒழுகும், எந்த மூலை யோசித்து ஒழுகும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடம்.

அன்று சனிக்கிழமை. அந்தி மழையில் மகள் சஞ்சீவனி தொப்பலாக நனைந்து வந்தாள். குடை அவளுக்கு மேலே இல்லை. கையிலிருந்த பூக்கட்டுக்கு மேலே இருந்தது.

“ஏன்டி, பூவுக்குக் குடை புடிச்சுக்கிட்டு நீ நனைஞ்சு வர்றியே, உனக்கு அறிவு இருக்கா? கெம்பஸ்ல இதத்தான் படிச்சுக் குடுக்கிறாங்களா?”

“பூவுக்குக் காய்ச்சல் வந்தா பனடோல் குடுக்க ஏலாதும்மா.”

வீரய்யா கட்டிலில் இருந்தபடி சிரித்தான். “குடுத்தா குடிச்சுரும் கஜா. தண்ணி குடிக்குதுல்ல.”

சஞ்சீவனி பேராதனையில் இரண்டாம் வருடம். பாடம் புவியியல். சனிக்கிழமையும் பௌர்ணமிப் போயா நாளும் தலதா மாளிகை என்ற பௌத்தக் கோயில் வாசலில் பியசீலி என்ற சிங்களப் பெண்ணின் பூத்தட்டில் வேலை. குருநாகல் பக்கத்துக் குளங்களிலிருந்து விடியற்காலையில் லொறியில் வந்திறங்கும் தாமரையைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, இதழ் மடித்து, தட்டில் அடுக்கி, கும்பிடப் போகிறவர்களிடம் விற்பது. விற்காமல் மிஞ்சியதில் நல்லதாகப் பார்த்துச் சனிக்கிழமை சாயங்காலம் பியசீலியே அவள் கையில் கொடுத்துவிடுவாள். விடிந்தால் புதுப் பூ வந்துவிடும், பழசை யாரும் வாங்கமாட்டார்கள். வீசுவதற்கு அவளுக்கும் மனசு வராது.

கஜலட்சுமி பால் இல்லாத பிளேன்ட்டியை மகள் கையில் திணித்துவிட்டு வாளிக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். வாரத்தில் அவளுக்குப் பிடித்த நேரம் அதுதான். தாமரை மொட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் இதழ்கள் இளகும். வெளி இதழின் நுனியை உள்ளே மடித்து, அதன் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இன்னொரு மடிப்பு. ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் மகள் சொல்லிக்கொடுத்தது. இருபது வருடம் கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு இது பெரிய வித்தையா? இப்போது மகளைவிட அவள்தான் வேகம். முடிந்ததைத் தூக்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“மோந்து பாக்காதீங்கம்மா!”

“ஏன்?”

சஞ்சீவனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “கடையில அப்படித்தான். சாமிக்குப் போற பூவ யாரும் மோந்து பாக்கக்கூடாது. பியசீலி அக்கா கண்டா ஏசும். பழக்கத்துல வந்துருச்சு.”

“நம்ம ஆண்டவரு அதெல்லாம் பாக்க மாட்டாரு” என்று சொல்லிக் கஜலட்சுமி நன்றாகவே இழுத்து மோந்தாள். குளத்துச் சேறும் சர்க்கரையும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

சஞ்சீவனி எந்த இடத்தில் வேலை செய்கிறாள் என்பதைச் சபையில் யாரிடமும் மறைக்கவில்லை. பூக்கடையில் என்று சொன்னார்கள். எந்தப் பூக்கடை என்று யாரும் கேட்கவில்லை. கல்யாண மாலையும் சவ வளையமும் கட்டுகிற டவுன் கடை ஏதாவது ஒன்று என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். எண்ணட்டும் என்று இவர்களும் விட்டுவிட்டார்கள்.

வேலைக்குப் போகாமல் சபையிடம் உதவி கேட்டிருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பார்த்ததுதான். கெம்பஸ் கிடைத்த வருடம் சபை அவளுக்கு ஒரு பையும் பன்னிரண்டு கொப்பியும் கொடுத்தது. கொடுத்த அன்று முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். பையைத் தோளில் மாட்டச் சொன்னார்கள், கழற்றச் சொன்னார்கள், வெளிச்சம் போதாது என்று மறுபடி மாட்டச் சொன்னார்கள். வெளிநாட்டில் பணம் அனுப்பியவர்களுக்குப் போட்டோ போகவேண்டும். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிகிற மாதிரி அம்மாவும் பக்கத்தில் நிற்கட்டும் என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பையை சஞ்சீவனி ஒருநாளும் கெம்பஸுக்குக் கொண்டுபோகவில்லை. அதில் இப்போது வீரய்யாவின் எண்ணெய்ப் போத்தல்களும் கால் பண்டேஜும் இருந்தன.

*

மறுநாள் வாலிபர் ஞாயிறு.

இப்போதைய பாஸ்டர் துஷாந்துக்கு முப்பத்துநாலு வயது. கொழும்பில் வேதம் படித்தவர். குரல் நன்றாயிருக்கும், அது அவருக்கும் தெரியும். அன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் உழைப்பதைப் பற்றிப் பேசினார்.

“படிக்கிற பிள்ளை வேலைக்குப் போனா கௌரவம் குறைஞ்சிடும்னு நினைக்கிற பெற்றோரே, நம்ம ஆண்டவருடைய கையில மரத்தூள் ஒட்டியிருந்தது! ஊழியத்துக்கு நடுவுல கூடாரம் தைச்ச அப்போஸ்தலன் யார்கிட்டயும் கை நீட்டல! நேர்மையான எந்த வேலையும் ஆராதனைதான். இங்க எத்தனை பேர் படிக்கிறோம், படிக்கிறோம்னு ஃபோனைத் தடவிக்கொண்டிருக்கிறீங்க?” பின்வரிசையில் ரமேஸ் ஃபோனைத் தொடைக்கு அடியில் தள்ளினான். “சஞ்சீவனி மகள், எழும்பி நில்லு. கிழமை நாள்ல கெம்பஸ், சனிக்கிழமை கைவேலை, ஞாயித்துக்கிழமை ஞாயிறு பள்ளியில பிள்ளைகளுக்குப் பாடம். ஒரு ஞாயிறு தவறினது இல்ல. இதுதான் சாட்சி! கை தட்டி ஆண்டவரை மகிமைப்படுத்துவோம்.”

தகரம் அதிரக் கை தட்டினார்கள். கஜலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. சஞ்சீவனி நின்ற நிற்பைப் பார்த்தால் அவளை மறுபடியும் பை மாட்டச் சொன்னது போல இருந்தது.

ஆராதனை முடிந்ததும் சுதர்சினி மேசைக்கருகில் வந்தாள். சபையை நடத்துகிறவர்களில் மூத்த மூப்பர் முத்துலிங்கத்தின் மனைவி. யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர் வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“கிருபா, இந்தத் தாமரை மடிப்பு என்ன வடிவு! நீர் எங்க பழகினனீர்?”

“மக சொல்லிக் குடுத்ததுக்கா.”

“எங்கட வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் செய்து தாரும், என்ன? மகனும் மருமகளும் கனடாவில இருந்து இந்தக் கிழமை வருகினம்.” பூவை நாலு பக்கமும் ஃபோனில் படமெடுத்து, அங்கேயே நின்று மகனுக்கு அனுப்பினாள். “பாரும், உடனே ஹார்ட் போட்டிட்டான்!”

*

போயா நாளன்று பின்னேரம் அதே சுதர்சினி செருப்போடு அந்த இரண்டு அறை வீட்டுக்குள் வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தாள். பிளேன்ட்டி வேண்டாம் என்றாள். பிஸ்கட்டும் வேண்டாம். இஞ்சி போட்ட பிளேன்ட்டி என்று சொல்லிப் பார்த்தாள் கஜலட்சுமி. அதுவும் வேண்டாம்.

“கிருபா, நான் கோபத்தில வரேல்லை. எனக்கு வேதனை.”

“என்னக்கா, யாருக்கும் சுகமில்லையா?”

“ஆண்டவரின்ர மேசையில நீர் வைக்கிற பூ எங்கயிருந்து வருது?”

கஜலட்சுமிக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் வாய், “மக கடையிலிருந்துக்கா” என்றது.

“எந்தக் கடை?”

அடுப்படியிலிருந்து வீரய்யா தடியை ஊன்றிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்தான்.

“காலமை மருமகள் மாளிகையைப் பாக்க வேணும் எண்டு நிண்டா. அந்தப் பிள்ளை கனடாவிலயே பிறந்து வளர்ந்தது, ஒண்டும் பாத்ததில்லை. சரியெண்டு கூட்டிக்கொண்டு போனம். வாசலில பூ விக்கினம். மருமகள், ‘மம்மி, இது நீங்கள் அனுப்பின படத்தில இருந்த பூ!’ எண்டாள். மடிப்பு அச்சொட்டாய் அதுதான். நிமிந்து பாக்கிறன், தட்டை நீட்டிக்கொண்டு நிக்கிறது உம்மட மகள்!”

“அது சாமிக்கு வச்சு எடுத்த பூ இல்லக்கா. விக்காம மிஞ்சினது. அந்தம்மா சும்மா குடுக்கிறது.”

“ஆருக்கெண்டு கொண்டு வந்த பூ? அதைச் சொல்லும்.”

“பூவுக்குத் தெரியுமாக்கா, அது யாருக்கு வந்ததுன்னு?”

“இதென்ன கதை, கிருபா? எட்டு மாசமா விக்கிரகத்தின்ர மிச்சத்தை எங்கட மேசையில வைச்சிருக்கிறீர். அதுக்குப் பக்கத்தில அப்பமும் ரசமும். நான் அதைத் தொட்டுப் படமும் எடுத்தனான். நினைக்க உடம்பு கூசுது.”

முற்றத்தில் செருப்புச் சத்தம். சஞ்சீவனி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். கதவுக்கு வெளியிலேயே எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். பையைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

“அன்ட்டி, காலையில உங்க மருமக என்கிட்ட ரெண்டு தட்டுப் பூ வாங்கினாங்க. உள்ள போயி வச்சுட்டு வந்து, எங்க வைக்கணும்னு சரியாத்தான் சொன்னேன்னு நன்றியும் சொன்னாங்க.”

சுதர்சினியின் முகம் சிவந்தது. “நாங்கள் பாக்கத்தான் போனனாங்கள். கும்பிடேல்லை.”

“நானும் விக்கத்தான் போனேன். கும்பிடல.”

வீரய்யாவின் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி என்னவோ வந்து, இருமலாக மாறியது. சுதர்சினி எழும்பினாள். கதிரை பின்னால் சாய்ந்து விழுந்தது. விழுந்த கதிரையைத் தூக்கி நிமிர்த்தியது கஜலட்சுமி.

*

வியாழக்கிழமை மூப்பர்கள் கூடினார்கள். வீரய்யாதான் அவர்களுக்குக் கதிரை போட்டான், மின்விசிறியும் போட்டான். பிறகு அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள். கஜலட்சுமி தேத்தண்ணி கொண்டுபோனபோது பேச்சு நின்றது. அவள் திரும்பி வாசலைக் கடந்ததும் தொடங்கியது. பதினோரு வருடத்தில் அவர்கள் அவளுக்காகப் பேச்சை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் அவள் இருக்கிறாள் என்பதே அவர்கள் ஞாபகத்தில் வராது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாஸ்டர் வந்தார். கதிரையில் நுனியில் உட்கார்ந்தார். பிளேன்ட்டி குடித்தார். கஜலட்சுமிக்கு அதுவே பெரிய ஆறுதலாயிருந்தது.

“சஞ்சீவனி தங்கச்சி, உன்மேல எனக்கு வருத்தம் இல்ல. நானும் படிக்கிற காலத்துல கொழும்பில ஒரு ஹோட்டல்ல தட்டுக் கழுவினவன்தான்.”

“அந்தத் தட்டுல என்ன சாப்பிட்டாங்க, பக்கத்து கிளாஸ்ல என்ன குடிச்சாங்கன்னு யாராவது கேட்டாங்களா பாஸ்டர்?”

பாஸ்டர் சிரித்தார். சிரித்த பிறகு அது தான் சிரிக்கவேண்டிய இடம் இல்லை என்று தெரிந்து கோப்பையைக் கீழே வைத்தார்.

“உன் நியாயம் எனக்கு விளங்குது. பூ வெறும் பூதான். ஆனா சபையில விசுவாசத்துல பலவீனமானவங்க இருக்காங்க. அவங்களுக்கு நாம இடறலா இருக்கக்கூடாது.”

“யாரு பாஸ்டர் பலவீனம்? முத்துலிங்கம் அங்கிளா?”

“சஞ்சீவனி!” என்றாள் கஜலட்சுமி.

“இல்லம்மா, கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். போன ஞாயிறு நேர்மையான எந்த வேலையும் ஆராதனைன்னு சொன்னீங்க. என்னை எழுப்பி நிறுத்திக் கை தட்டினாங்க. நான் தட்டச் சொல்லல. அன்னைக்கும் இதே வேலைதான். இதே கைதான்.”

“எனக்கு அப்ப தெரியாது, தங்கச்சி.”

“தெரிஞ்சிருந்தா?”

தகரத்தில் காகம் நடக்கிற சத்தம் கேட்டது. பாஸ்டர் மனப்பாடம் பண்ணி வந்ததை ஒப்பிக்கிறவர் போலத் தரையைப் பார்த்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவள் எழும்பி, மேசையைத் தீட்டுப்படுத்தியதற்குச் சபையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். அந்த வேலைக்கு இனிப் போகமாட்டேன் என்று ஆண்டவர் முன்னிலையில் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்க முடியாது. சபைக்கு வேறு காவல்காரரையும் பார்க்கவேண்டி வரும். மாத முடிவு வரை நேரம் இருக்கிறது.

“வேலை வேணும்னா சபையில கேட்டிருக்கலாமே? நாங்க உதவி செஞ்சிருப்போம்.”

சஞ்சீவனி எழும்பிப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தப் பையை இழுத்து எடுத்து, எண்ணெய்ப் போத்தல்கள் கலகலக்க அவர் முன்னால் வைத்தாள். பாஸ்டருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. போட்டோ எடுத்த நாளில் அவர் இந்தச் சபைக்கு வந்திருக்கவில்லை. “அப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கிற நேரம்” என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனபிறகு வீரய்யா சொன்னான், “தோட்டத்து லயத்துக்கே போயிருவோம்.”

“உங்க அண்ணன் வீட்டுல இப்பவே ஏழு பேரு. நம்ம மூணு பேரும் எங்க, சுவத்துல ஆணியடிச்சுத் தொங்குறதா? அந்த ஏத்தத்துல இந்தக் கால வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவீங்க?”

“தவழ்ந்து வாறேன். அன்னைக்கு லொறிக்கு அடியிலிருந்து தவழ்ந்துதானே வந்தேன்.”

“நல்லா பேசுங்க, அப்பாவும் மகளும். பேச்சுக்கு மட்டும் கொறச்சல் இல்ல.”

அவள் ரொட்டிக்கு மாவு பிசைந்தாள். தேங்காய்ப்பூ கொஞ்சம்தான் இருந்தது. மாவு கையில் ஒட்டியது. சஞ்சீவனி வந்து பக்கத்தில் குந்திக்கொண்டு கட்டசம்பலுக்கு வெங்காயம் உரித்தாள்.

“அம்மா, நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். வேலையையும் விடமாட்டேன். வீடு போனா பேராதனைப் பக்கம் ஒரு அறை பாப்போம். இன்னும் ரெண்டு நாள் கூட வேலை செய்றேன். சமாளிக்கலாம்.”

“ம்.”

“ஒண்ணு மட்டும் கேக்குறேன். எனக்குப் பதிலா நீங்க எழும்பிச் சொல்லக்கூடாது. என் பேரச் சொல்லி நீங்க மன்னிப்புக் கேக்கக்கூடாது.”

கஜலட்சுமி ரொட்டியைப் புரட்டினாள்.

“அம்மா.”

“கேக்குதுடி. ரொட்டி கருகுது, தள்ளு.”

*

ஞாயிற்றுக்கிழமை மேசையில் பூ இல்லை. வெள்ளை விரிப்பில் பூச்சாடி இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. எட்டு மாதமாக ஒரே இடத்தில் வைத்த வட்டம். வழக்கமாக வராதவர்களும் அன்று வந்திருந்தார்கள். வீரய்யா உள்ளே வரவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சஞ்சீவனி பின்னால் பாயில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் பேழையும் மிருகங்களும் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி யானைக்குப் பச்சை நிறம் தீட்டினாள். யானை பச்சையா என்று இன்னொருத்தி கேட்டாள். நனைஞ்சா பச்சைதான் என்று தீட்டினவள் சொன்னாள்.

“சாட்சி சொல்லுகிறவர்கள் எழும்பலாம்” என்றார் பாஸ்டர்.

ஒருவர் சளி சுகமானதற்குச் சாட்சி சொன்னார். ஒருத்தி வீசா கிடைத்ததற்குச் சொன்னாள். பிறகு யாரும் எழும்பவில்லை. தலைகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திரும்பின. முத்துலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் கண்ணை மூடி, மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கஜலட்சுமி தகரத்தைப் பார்த்தாள். எந்த மூலை முதலில் ஒழுகும் என்று அவளுக்குத் தெரியும். வேறு எந்தக் கூரையைப் பற்றியும் அவளுக்கு அப்படித் தெரியாது. கேட்டடியில் வீரய்யா காலை நீட்டி மடக்கி, மறுபடி நீட்டுவது ஜன்னலால் தெரிந்தது.

அவள் எழும்பினாள்.

“பூவ மேசையில வச்சது நான்தான். மடிச்சதும் நான்தான். படிக்காதவ, தெரியாமச் செஞ்சுட்டேன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்திவிட்டு உட்காரத்தான் அவளும் நினைத்தாள். ஆனால் யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. எல்லோரும் இன்னும் காத்திருந்தார்கள். “என் மக சஞ்சீவனியும் தப்புப் பண்ணிட்டா. அவளுக்காகவும் நான் சபைக்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன். இனிமே அவ அந்த வேலைக்குப் போக மாட்டா. ஆண்டவர் முன்னால சொல்றேன்.”

“அல்லேலூயா” என்றார் முத்துலிங்கம். சபை முழுவதும் சொன்னது. பாஸ்டர் இறங்கி வந்து அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். சுதர்சினி ஓடிவந்து கட்டிப்பிடித்து, “கிருபா, என்ர கிருபா” என்று அழுதாள். அந்த அழுகை உண்மையானது. அதுதான் கஜலட்சுமிக்குத் தாங்கவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தபோது பாயில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள்.

அறையில் சஞ்சீவனி உடுப்புகளை மடித்து ஷொப்பிங் பேக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள்.

“அப்பா காலுக்கு இந்த வீடு வேணும்டி.”

“தெரியும்மா.”

“நான் என்ன பண்றது சொல்லு? என்னைய ஏசு. நாலு வார்த்தை ஏசிட்டு இரு.”

“கோவம் வரலம்மா. வந்தா நல்லாருந்துருக்கும்.” பேக்கைத் தூக்கினாள். “கூடப் படிக்கிற அஸீமாவோட போடிங் அறையில இடம் இருக்கு. அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை அலுமாரியில மேல் தட்டுல.”

கேட்டடியில் வீரய்யா அவள் கையிலிருந்த பேக்கைப் பார்த்தான். தடியை ஊன்றி எழும்பி கேட்டைத் திறந்துவிட்டான். அவள் போய் வளைவு திரும்பும் வரை திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான்.

*

வீடு தப்பியது. மாத முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை. அடுத்த வாரமே சுதர்சினி ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே பிளாஸ்டிக் லில்லி, பிளாஸ்டிக் ரோசா, இலையில் பனித்துளி கூட ஒட்டியிருந்தது. “மருமகள் வாங்கித் தந்தவ. வாடாது. சனிக்கிழமையில தூசி தட்டினால் காணும்.”

சஞ்சீவனி அப்பாவின் ஃபோனுக்கு மட்டும் தகவல் அனுப்பினாள். ‘சாப்பிட்டேன்.’ ‘எக்ஸாம் முடிஞ்சது.’ ‘மாத்திரை குடிச்சீங்களா?’ ஆறு வாரம் இப்படி. சபையில் அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. ஞாயிறு பள்ளியை வேறொரு பிள்ளை எடுத்தாள்.

கஜலட்சுமியை வேறொன்று அரித்தது. அவள் ஆண்டவர் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டாள். மகளோ வேலையை விடமாட்டேன் என்றவள், சொன்னால் சொன்னபடி நிற்கிறவள். அப்படியென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் மாளிகை வாசலில் மகள் பூத்தட்டை நீட்டுகிறபோது, இங்கே தன்னுடைய வாக்கு பொய்யாகிக்கொண்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை, பிளாஸ்டிக் பூவை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தவள், துணியைப் போட்டுவிட்டு எழும்பினாள். காலில் விழுந்தாவது மகளை வீட்டுக்குக் கூட்டிவருவது, முடியாவிட்டால் வேலையையாவது விடச்சொல்வது. இரண்டில் எதை முதலில் கேட்பது என்று டவுன் வரை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

வாவிக்கரைக் காற்றில் வெள்ளை உடுப்புச் சனம் நிறைந்திருந்தது. பூத்தட்டுகளின் வரிசையில் பியசீலியை அவளே கண்டுபிடித்தாள். மகள் சொன்ன அடையாளம், நெற்றியில் தையல் தழும்பு. தட்டுக்குப் பின்னால் அவள் தனியே இருந்தாள். பக்கத்தில் மடிக்காத தாமரை மலை மாதிரிக் குவிந்து கிடந்தது.

“சஞ்சீவனியோட அம்மா” என்றாள் கஜலட்சுமி.

பியசீலி நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடைத்தெருவில் பழகிய தமிழ் அவளுக்கு இருந்தது.

“மக இங்க இல்ல. அவ வேலை விட்டு ஆறு வாரம்.”

“விட்டுட்டாளா?”

“திங்கக்கிழமை வந்து சொன்னா. அக்கே, நான் இனி வர ஏலாது, எங்கம்மா கடவுள் முன்னால சொல்லிட்டாங்க. நான் வந்தா அம்மா பொய்க்காரி ஆகிருவாங்க. அப்படி சொல்லி அழுதா.” பியசீலி ஈரக்கையை உடுத்தியிருந்த சீத்தைத் துணியில் துடைத்தாள். “நான் சொன்னேன், உங்க கடவுளுக்குப் பூ விக்கிறவளோட சண்டை என்னத்துக்கு? அவ சிரிக்கல.”

கஜலட்சுமி அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப எங்க வேலை செய்றா?”

“பேராதனை ரோட்டுல ஒரு ஹோட்டல்னு ஃபோன்ல சொன்னா. வெள்ளைக்காரங்களுக்குக் காலைச் சாப்பாடு வைக்கிறது. ஞாயித்துக்கிழமைக்குத்தான் ஆள் தேடினாங்க, அதைத்தான் குடுத்தாங்க.” பியசீலி ஒரு மொட்டை எடுத்துத் தட்டினாள். “ஒவ்வொரு ஞாயிறும், விடிஞ்சதிலிருந்து பகல் வரைக்கும். எங்கிட்ட வந்த முதல் நாள் அந்தப் புள்ள என்ன கேட்டது தெரியுமா? சம்பளம் கேக்கல்ல. ‘ஞாயிறு மட்டும் வர ஏலாது அக்கே, அன்னைக்கு எனக்குக் கோயில் இருக்கு’ன்னு கேட்டுச்சு. எனக்கு ஞாயிறுதான் சனம் கூட. ஆனாலும் விட்டேன். கும்பிடுற புள்ளய நான் எப்படித் தடுக்கிறது?”

ஒரு குடும்பம் வந்து நின்றது. அப்பா, அம்மா, வெள்ளைச் சட்டையில் இரண்டு பிள்ளைகள். மடித்த பூ கேட்டார்கள். தட்டில் ஒன்றுதான் மிச்சம். பியசீலி சிங்களத்தில் கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு மொட்டுகளை அள்ளினாள். அவள் விரல்கள் வீங்கியிருந்தன. மடிப்பு கோணலாகப் போனது.

கஜலட்சுமியின் கை தானாக நீண்டது.

“கை கழுவிட்டு எடு” என்றாள் பியசீலி.

வாளித் தண்ணீரில் கை கழுவினாள். உள்ளங்கையில் இரண்டு தட்டு. நுனி உள்ளே, ஓரம் சேர்த்து ஒரு மடிப்பு, அடுத்தது. ஒரு சுற்று, இரண்டாம் சுற்று. மூன்று பூக்கள் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து வந்தன. நாலாவதை மடித்து முடித்ததும் பழக்கத்தில் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். பாதி வழியில் கை நின்றது. கீழே இறக்கி, மற்றவற்றோடு தட்டில் வைத்து, சின்னப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

“வாறியா சனிக்கிழமைக்கு?” என்று கேட்டாள் பியசீலி. பகிடிக்குக் கேட்டாளா, உண்மையாகவா என்று தெரியவில்லை.

கஜலட்சுமி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“ஏலாது” என்றாள். “மறுநாள் ஆராதனை. பிளாஸ்டிக் பூவுக்குத் தூசி தட்டணும்.”